மறுப்பு மடலும் நம் மனப்போக்கும்

ஆண்டுதோறும் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் அமெரிக்கத் திரைப்படக் கல்லூரிகளிலிருந்து சில மடல்கள் புறப்படுகின்றன. முன்பு அவை தாளில் வந்தன. இன்று மின்னஞ்சலில் வருகின்றன. விண்ணப்பித்தமைக்கு நன்றி, இவ்வாண்டு இடமளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்னும் இரண்டு வரியே அவற்றின் சாரம். முதுகலைத் திரைப்படக் கல்விக்கு விண்ணப்பித்த இளைஞருள் மிகப் பெரும்பாலோர்க்குக் கிட்டுவது இம்மடலே. அண்மைக் காலமாக இதனைப் பெறுவோருள் நம் தமிழ்ப்பள்ளிகளில் அரிச்சுவடி பயின்ற பிள்ளைகளும் உளர்.

அம்மடலை எழுதியவர்களைச் சாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அம்மடலைப் பெற்ற பிள்ளை நம்முன் வந்து நிற்கும்போது ஆசிரியர்களும் பெற்றோர்களுமாகிய நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதைச் சாடுவதே நோக்கம். சாடப்படுவோர் வரிசையில் முதலில் நிற்பவன் நானே. ஆதலின் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பள்ளி முடிந்து மாணவர்கள் பேருந்து ஏறிக்கொண்டிருந்த நேரம். என் முன்னாள் மாணவி ஒருத்தி அலுவலகத்துக்கு வந்தாள். தோட்டப்புறத்துப் பிள்ளை. தந்தை லாரி ஓட்டுநர். உள்நாட்டிலேயே தகவல் தொடர்புத் துறையில் பட்டம் பெற்று, மூன்றாண்டு வேலை செய்து பணம் சேர்த்து, வெளிநாட்டுத் திரைப்படக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பத்தோடு அனுப்ப ஒரு குறும்படம் வேண்டுமென்று எங்கள் பள்ளியிலேயே இரண்டு சனிக்கிழமைகள் படம்பிடித்தாள். அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட்டவன் நான்.

“கிடைக்கவில்லை ஐயா” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் என்ன சொன்னேன்? “போனால் போகட்டும் அம்மா. ஸ்பீல்பர்க்கையே வேண்டாம் என்று சொன்னவர்கள்தாமே அவர்கள்! ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இன்னும் வயது இருக்கிறது, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் செய்” என்றேன். அவள் தலையசைத்தாள். தேநீர் வரவழைத்தேன், குடித்துவிட்டுப் போனாள். ஆறுதல் சொல்லி அனுப்பினோம் என்னும் மனநிறைவோடு நானும் வீடு திரும்பினேன்.

அன்று நான் கூறிய மூன்று வாக்கியங்களும் மூன்று பிழைகள். அவை எனக்கு மட்டும் உரியவை அல்ல. நம் சமுதாயம் முழுவதும் வழங்கும் வாக்கியங்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

‘நல்லதாகப் போயிற்று’

இவ்வாக்கியத்தின் உட்பொருள் யாது? ‘நீ விரும்பியது விரும்பத் தகாதது, அது கிட்டாமற் போனதில் எனக்கு மகிழ்ச்சி’ என்பதே. மாலையானால் குடும்பத்தோடு அமர்ந்து திரைப்படம் பார்க்கிறோம். திருமண வீட்டில் திரைப்பாடல் இசைக்கிறோம். நடிகர்களின் பிறந்தநாளுக்குப் பதாகை கட்டும் இளைஞர்களைக் கண்டும் காணாதவர்போல் இருக்கிறோம். திரைப்படத்தை நுகரலாம், அதைப் படைக்கக் கற்கலாகாது! கரும்பைத் தின்போம், கரும்பு நடுவோரை இகழ்வோம் என்னும் இம்மனப்போக்குக்கு என்ன பெயரிடுவது?

படைக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லையென்றும் கூறமுடியாது. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் நம் தோட்டப்புற வாழ்வைத் தமிழில் திரைக்குக் கொண்டுவந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதைப் பெற்றது. மண்ணின் கதையை மண்ணின் மொழியில் சொல்ல வல்லவர்கள் நம்மிடையே எழுந்துவிட்டனர். அவர்களின் பின்னே வர விரும்பும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, ‘நல்லதாகப் போயிற்று’ என்கிறோம்.

‘ஆசிரியர் பயிற்சிக்குப் போ’

இதைச் சொல்ல எனக்கு நா எவ்வாறு எழுந்தது? நான் ஆசிரியர் பயிற்சிக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது நேர்முகத் தேர்விலேயே விலக்கப்பட்டவன். ஓராண்டு தற்காலிக ஆசிரியராகப் பணியாற்றி, மறுமுறை விண்ணப்பித்து இடம்பெற்றேன். அவ்வோராண்டில், ‘போனால் போகட்டும், வேறு வேலை பார்’ என்று சொன்னவர்கள் மேல் எனக்கு எழுந்த சினம் இன்னும் நினைவில் இருக்கிறது. நான் விரும்பிய தொழிலை அற்பமென்று கருதியவர்கள் அவர்கள். முப்பது ஆண்டு கழித்து அதையே நான் இன்னொருவருக்குச் செய்தேன்.

இதில் இரட்டைப் பழி உண்டு. அவளுடைய கனவைச் சிறுமைப்படுத்தியது ஒன்று. என் தொழிலைச் சிறுமைப்படுத்தியது மற்றொன்று. ஆசிரியப் பணி தோற்றவர்க்குத் தரும் ஆறுதல் பரிசா? வேறெங்கும் இடம் கிட்டாதவர் வந்து ஒதுங்கும் சத்திரமா? விரும்பாத ஒருவரை வகுப்பறைக்குள் அனுப்பினால் முப்பது ஆண்டுக் காலம் அத்தண்டனையை அனுபவிப்பவர் அவர் மட்டுமல்லர். அவரிடம் பயிலும் குழந்தைகளுமே.

‘ஸ்பீல்பர்க்கையே மறுத்தார்கள்’

மூன்றினுள் மிகக் கெட்டது இதுவே. ஏனெனில் இது நல்ல சொல்போல் தோற்றமளிப்பது.

ஸ்டீவன் ஸ்பீல்பர்க்கைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளி மறுத்தது உண்மை. ஆயினும் முழுக்கதையைச் சொல்கிறோமா? அவர் விண்ணப்பித்தது முதுகலைக்கன்று. பள்ளிப்படிப்பு முடித்த வயதில் இளங்கலைக்கு. மறுக்கப்பட்ட அவர் லாங் பீச்சிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது ஹாலிவுட்டுக்கு அண்மையிலேயே உள்ளது. சிறுவயது முதலே படம் எடுத்துப் பழகியவர்; 1968இல் எடுத்த ‘ஆம்பிளின்’ என்னும் குறும்படத்தின் பயனாக யூனிவர்சல் நிறுவனத்தில் ஒப்பந்தம் பெற்றார். அந்நிறுவனத்தின் வாசல் அவருக்கு எட்டும் தொலைவில் இருந்தது. கெடாவிலும் பேராவிலும் பிறந்த நம் பிள்ளைக்கு எந்த நிறுவனத்தின் வாசல் எட்டும் தொலைவில் இருக்கிறது?

மேலும், மறுக்கப்பட்டவருள் புகழ்பெற்ற ஒருவரின் பெயரை நாம் அறிவோம். அவரோடு அதே ஆண்டு மறுக்கப்பட்ட ஏனையோரின் பெயர்களை யார் அறிவார்? கரை சேர்ந்த ஒருவனைக் காட்டி, கடலில் விழுந்தவர் எல்லாரும் நீந்தினர் என்று கூறுவது எவ்வளவு பொய்யோ அவ்வளவு பொய் இவ்வாறுதல். அதைக் கேட்கும் பிள்ளை முதலில் சற்று மகிழும், பின்னர், ‘நான் ஸ்பீல்பர்க் ஆகவேண்டும், ஆகாவிட்டால் இம்மறுப்பு சரியானதே’ என்று தனக்குத்தானே தண்டனை எழுதிக்கொள்ளும். மருந்தென்று நாம் ஊட்டியது நஞ்சாகிறது.

மடல் சொல்வதும் சொல்லாததும்

அவ்வாறாயின் அம்மறுப்பின் உண்மைப் பொருள்தான் யாது? அதை அறிய, அக்கல்லூரிகள் மாணவரைத் தேரும் முறையை அறிதல் வேண்டும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைக் கல்லூரி, முதுகலைத் திரைப்பட வகுப்பில் ஆண்டொன்றுக்கு நாற்பது பேருக்கும் குறைவாகவே சேர்த்துக்கொள்கிறது. 1960இல் புனேயில் நிறுவப்பட்ட இந்தியத் திரைப்படக் கல்லூரியும் பட்டதாரிகளுக்குரியது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி ஆகிய பிரிவுகள் ஒவ்வொன்றிலும் சில இடங்களே உண்டு. விண்ணப்பிப்போரோ உலகெங்கிலும் உள்ளனர். இடம் சிறிது, கூட்டம் பெரிது என்னும் கணக்கே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் அத்தொழிலின் இயல்பு. கவிதையைத் தனியொருவர் எழுதலாம். திரைப்படத்தைத் தனியொருவர் எடுத்தல் அரிது. வகுப்பில் ஒருவர் இயக்கினால் மற்றவர் ஒளிப்பதிவு செய்ய, வேறொருவர் ஒலிவாங்கியைப் பிடிக்க வேண்டும். ஆகவே தேர்வுக் குழு, தனித்தனியே சிறந்தவர்களைப் பொறுக்குவதோடு நில்லாமல், ஒன்றிணைந்து உழைக்கக்கூடிய ஒரு குழுவை அமைக்க முயல்கிறது. அவ்வமைப்பில் இவ்வாண்டு ஒருவர்க்கு இடமில்லாமற் போகலாம். குறும்படம், கதைச்சுருக்கம், தன்னைப் பற்றிய கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், சிலருக்கு நேர்காணல் – இவற்றைக் கொண்டே குழு முடிவு செய்கிறது. காரணத்தை எழுதி அனுப்பும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

எனவே அம்மடல் சொல்வது, ‘நீ அனுப்பியவற்றைக் கொண்டு, இவ்வாண்டு, இங்கு, உனக்கு இடமில்லை’ என்பது மட்டுமே. ‘உனக்குத் திறமை இல்லை’ என்று அது சொல்லவில்லை. ‘உனக்குத் திறமை இருக்கிறது’ என்றும் சொல்லவில்லை. இரண்டையும் நாமே அதில் எழுதிச் சேர்க்கிறோம்.

கல்லூரிகள் தீர்ப்புரைக்கும் தெய்வங்களும் அல்ல. அதே டிஷ் கல்லூரி 2007இல் சிங்கப்பூரில் ஒரு கிளையைத் திறந்தது. நம் வட்டாரத்து இளைஞர் பலர்க்கு அது வானிலிருந்து இறங்கிவந்த வாய்ப்பாகத் தோன்றியது. 2012இலேயே அதை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. சில ஆண்டுகளில் மூடப்பட்டும் விட்டது. அக்கதவு தமக்குத் திறக்கவில்லையே என்று ஏங்கியவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கதவுதான் இல்லை.

பெயர் சொல்வதாயின் முழுதும் சொல்வோம்

முன்னோடிகளைப் பற்றிப் பேசவே கூடாதா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். பேசலாம். அவர்கள் வென்ற நாளை மட்டும் பேசாமல், இடையில் கழிந்த ஆண்டுகளைப் பேசவேண்டும்.

போலந்து இயக்குநர் கிரிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி, வூட்ஜ் நகரத் திரைப்படப் பள்ளியில் இரண்டு முறை மறுக்கப்பட்டு மூன்றாம் முறையே இடம்பெற்றார். இரண்டாம் முறை தோற்ற செய்தியைச் சொன்னபோது தாய் கலங்கி நின்றதையும், அவர் கன்னத்தில் வழிந்தது மழைநீரா கண்ணீரா என்று தமக்குத் தெரியவில்லை என்பதையும் அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மறுப்பு, பெற்றவரையும் அடிக்கிறது. அதை மறைக்காமல் ஒன்றாக நிற்கும் தாயால் பிள்ளைக்கு வலிமை பிறக்கிறது.

தைவானில் பிறந்த ஆங் லீ ஒரு தலைமையாசிரியரின் மகன். தந்தை தலைமையேற்ற உயர்நிலைப்பள்ளியிலேயே பயின்று, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். தலைமையாசிரியர் வீட்டில் அத்தோல்வி எவ்வளவு பெரிய இடியாக இறங்கியிருக்கும் என்பதை என்னைப் போன்றோர் நன்கறிவர். பின்னர் அவர் கலைக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்பட முதுகலைப் பட்டமும் பெற்றார். இடம் கிடைத்துவிட்டது, பட்டமும் கிடைத்துவிட்டது, துன்பம் தீர்ந்ததா? பட்டம் பெற்றபின் ஏறத்தாழ ஆறாண்டுக் காலம் படவாய்ப்பின்றி வீட்டிலிருந்து சமைத்தும் பிள்ளை வளர்த்தும் திரைக்கதை எழுதினார். மனைவியின் ஊதியத்தில் குடும்பம் நடந்தது. 1990இல் தைவான் அரசின் திரைக்கதைப் போட்டியில் பரிசு பெற்ற பின்னரே வழி திறந்தது. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் விருதை 2006இலும் 2013இலும் பெற்றார். இரண்டாவது விருதைப் பெற்றுத்தந்த ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் ஒரு பகுதி தமிழ் வழங்கும் புதுச்சேரியில் எடுக்கப்பட்டது. கல்லூரிக் கதவு திறந்தவர்க்கும் அடுத்த கதவு மூடியே இருக்கும் என்பதே இக்கதை தரும் பாடம்.

ஈழத்து மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, புனே கல்லூரியில் பிற துறைகளில் இடம் கிட்டாமையால் ஒளிப்பதிவுத் துறையில் சேர்ந்தவர். கிடைத்ததைக் கற்றார், தங்கப் பதக்கம் பெற்றார். ‘மூன்றாம் பிறை’ ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வென்றார், இயக்குநராகவும் நிலைத்தார். 2007இல் சென்னையில் தாமே ஒரு திரைப்படப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அருகிலுள்ள சிங்கப்பூரை நோக்குவோம். கே. ராஜகோபால் 1995, 1996, 1997 ஆகிய மூன்றாண்டுகளும் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் தம் குறும்படங்களுக்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றார். அவருடைய முதல் முழுநீளப் படமான ‘ஏ யெல்லோ பேர்ட்’ கான் விழாவில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது 2016இல். இடையில் கழிந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இருபது ஆண்டு காத்திருக்கும் பொறுமையை எந்தப் பாடநூலில் நாம் கற்பிக்கிறோம்?

கற்பிப்பதில்லை. மாறாக, 1988 முதல் 2019 வரை நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் எதைக் கற்பித்தோம்? முதலில் 7ஏ என்றோம். பின்னர் 8ஏ என்றோம். அத்தனையும் பெற்ற பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்துப் பள்ளி வாசலில் தொங்கவிட்டோம். ஒரு ‘ஏ’ குறைந்த பிள்ளை, பன்னிரண்டு வயதில், அப்படத்துக்கு வெளியே நின்றது. 2021இல் அரசாங்கம் அத்தேர்வை நீக்கியது. நாம் அம்மனப்போக்கை இன்னும் நீக்கவில்லை. மறுப்பு என்பது மானக்கேடு என்று அன்று கற்ற பிள்ளையே இருபத்தைந்தாம் வயதில் மறுப்பு மடலைப் பெற்று, யாரிடமும் சொல்லாமல் அறைக்குள் தாழிட்டுக்கொள்கிறது.

சோற்றுக் கணக்கு

‘ஏழைப் பிள்ளைக்கு முதலில் சோறு, பிறகு சினிமா’ என்பாரும் உளர். அவர்கள் கூற்றை நான் இகழேன். அமெரிக்காவில் இத்தகைய கல்விக்கு ஆண்டுக் கட்டணம் மட்டுமே ஐம்பதாயிரம் அமெரிக்க வெள்ளியைத் தாண்டுவது இயல்பு. நம் வெள்ளியில் அது ஏறத்தாழ இரண்டு லட்சம். தங்குமிடமும் உணவும் படச்செலவும் தனி. லாரி ஓட்டுநரின் மகள் இக்கணக்கைப் பார்க்காமல் விண்ணப்பிக்கலாகாது. உதவித்தொகை உண்டா, கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டில் அடைப்பது என்று உட்கார்ந்து பேசுவது நம் கடமை.

ஆனால் எப்போது பேசுவது? விண்ணப்பத்துக்கு முன் சொன்னால் அது அறிவுரை; மறுப்புக்குப் பின் சொன்னால் அது குத்தல். முன்னே வாய்மூடி இருந்துவிட்டுப் பின்னே கணக்கு வாசிப்பது அறிவுடைமையன்று.

செய்யத் தக்கன

மாணவமணிகளே, மடல் வந்த அன்று துன்பம் வரும், வரட்டும். அதை இல்லையென்று நடிக்கவேண்டா. சில நாள் கழித்து, நீங்கள் அனுப்பிய படத்தையும் கட்டுரையையும் அயலார் ஒருவரின் கண்கொண்டு பாருங்கள். எந்த இடம் உண்மையாக இருக்கிறது, எந்த இடம் பிறரைப்போல் பேசுகிறது என்பது புலப்படும். மறுபடியும் விண்ணப்பிக்கலாம், எத்தனை முறை, எவ்வளவு செலவில் என்று முன்னரே வரையறுத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் கைப்பேசியைக் கொண்டாவது இன்னொரு படம் எடுங்கள். பிறர் படத்தில் ஒலிவாங்கி பிடியுங்கள். இவற்றையெல்லாம் செய்தபின், ‘இது எனக்கு வேண்டா’ என்று விலகினாலும் அது தோல்வியன்று. விலகும் முடிவு உங்களுடையதாக இருக்கவேண்டும், மடலுடையதாக இருத்தலாகாது.

ஆசிரியப் பெருமக்களே, நமக்குரியது இதனினும் எளிது. ஆயினும் நாம் செய்யாதது. துன்பம் வந்தபோது கலங்காதே என்று பிள்ளைகளுக்கு ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்தை ஓதுகிறோம். அதே திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்றோர் அதிகாரமும் உண்டு. ஆராய்ந்து பார்த்த பின்னரே ஒருவரைப் பற்றி முடிவுக்கு வரவேண்டும் என்பது அதன் கருத்து. முன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே பின்னதை நாம் மறந்தோம்.

இனி என் கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் பள்ளிக் காவலர் முதியவர். பால்மரம் வெட்டி ஓய்ந்தபின் பள்ளிக்கு வந்தவர். சென்ற ஆண்டு காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சென்றிருந்தேன். சாப்பாட்டுக்குப் பின் அவர் பேரன் தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு படத்தை ஓடவிட்டான். பதினொரு நிமிடம். விடியற்காலையில் அவர் என் பள்ளியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறார். ஒவ்வொரு வகுப்பின் வாசலிலும் சற்றே நின்று உள்ளே பார்க்கிறார். தாம் இரண்டாம் வகுப்போடு நின்றவர் என்பதைப் பாதியில் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். பிறகு மணியடிக்கிறார், பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். அவ்வளவே.

நாள்தோறும் நான் கடந்துசென்ற மனிதர் அவர். அவர் அவ்வாசல்களில் நின்றதை ஒருநாளும் நான் கண்டதில்லை. அம்மாணவி கண்டிருக்கிறாள். அவ்வீட்டில் அழாதவர் இல்லை. நான் அழுததற்கு மட்டும் காரணம் வேறு.

கடல்கடந்த ஊரில் முகமறியாத சிலர் அப்படத்தைப் பதினொரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தனர், பார்த்தபின் மறுத்தனர். என் பள்ளியில், என் கையொப்பத்தோடு எடுக்கப்பட்ட அப்படத்தை, “காட்டு அம்மா, பார்க்கிறேன்” என்று நான் கேட்கவே இல்லை. பார்க்காமலே மறுத்தவன் நான். அவள் இன்று கோலாலம்பூரில் படத்தொகுப்பு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறாள் என்று அறிகிறேன். மீண்டும் விண்ணப்பித்தாளா என்பது தெரியாது. கேட்கும் உரிமையை நான் அவ்வெள்ளிக்கிழமை இழந்துவிட்டேன்.

உங்களிடமும் ஒருநாள் ஒரு பிள்ளை மடலோடு வந்து நிற்கும். ஸ்பீல்பர்க்கை அழைக்காதீர்கள். ஆசிரியர் பயிற்சிப் படிவத்தை எடுக்காதீர்கள். நல்லதாகப் போயிற்று என்று சொல்லாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, ‘நீ எடுத்த படத்தைக் காட்டு’ என்று கேளுங்கள். பார்த்து முடித்தபின் பேசுங்கள்.